எதிர்மறை வலுவூட்டல் என்றால் அடி இல்லை, சார்

பிள்ளை வளர்ப்பு பற்றி ஒருவர் மேடையில் பேசும் அந்தக் காணொளியை இரண்டு நாளாக எனக்கு அனுப்பாதவர் யாரும் பாக்கி இல்லை. பார்த்துவிட்டேன், போதும். "நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா ரெண்டு அடி, சயின்ஸே சொல்லுது" என்று அவர் சொன்னதும் அரங்கமே கைதட்டுகிறது. பிள்ளையை அடிக்கச் சொல்ல வேண்டுமென்றால் அடியுங்கள் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே. நடுவில், வலுவூட்டலை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னரை எதற்கு இழுக்கிறீர்கள்?

எதிர்மறை வலுவூட்டல், அதாவது அவர் சொன்ன நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், என்றால் தண்டனை இல்லை. சொல்லிலேயே விடை இருக்கிறது: வலுவூட்டினால் ஒரு செயல் கூடும். எதையாவது கொடுத்துக் கூட்டினால் நேர்மறை. இருக்கிற தொல்லையை நீக்கிக் கூட்டினால் எதிர்மறை. சீட் பெல்ட் போடும்வரை கார் கத்துகிறது, போட்டதும் நிற்கிறது, நாலு நாளில் கை தானாகவே பெல்ட்டைத் தேடுகிறது. அவ்வளவுதான் விஷயம். தண்டனை செயலைக் குறைப்பது. இரண்டும் நேர் எதிர்த் திசை.

அடுத்து பாவ்லோவ், நாயை வைத்துச் சோதனை செய்த ரஷ்ய விஞ்ஞானி. "நாய் ஒழுங்கா இருந்துச்சு, சோறு போட்டாங்க" என்கிறார் மேடைக்காரர். இல்லை சார். பாவ்லோவின் நாய் எதுவும் செய்யத் தேவையில்லை. மெட்ரோனோம் என்ற தாளக் கருவி டிக் டிக்கென்று ஓடும், பின்னாலேயே உணவு வரும், நாய் என்ன செய்தாலும் வரும். அந்த ஜோடி பழகியதால் ஒலிக்கே எச்சில் ஊறியது. செய்ததற்குக் கூலி என்பது ஸ்கின்னர் பக்கம், எச்சில் பாவ்லோவ் பக்கம். இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் கைதட்டல் வேண்டுமானால் கிடைக்கும்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். பிள்ளை போன் கேட்டுக் கத்துகிறது. அஞ்சு நிமிஷம் பொறுக்கிறீர்கள், ஆறாவது நிமிஷம் கொடுத்துவிடுகிறீர்கள். கத்தல் நிற்கிறது. பிள்ளைக்குக் கிடைத்தது போன், நேர்மறை வலுவூட்டல். உங்களுக்குக் கிடைத்தது அமைதி, எதிர்மறை வலுவூட்டல். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று பிள்ளையைத்தான் சொல்கிறோம். அழுகை நின்றதும் கொடுத்தவரும் ஒரு பாடம் படித்துவிட்டார், நாளைக்கு இன்னும் சீக்கிரம் கொடுப்பார்.

இதை மாற்ற வழி இருக்கிறது, ஆனால் மேடையில் சொல்லுமளவுக்குக் கவர்ச்சியாக இருக்காது. கத்தினால் போன் இல்லை என்று ஆரம்பித்தால் முதல் ஓரிரு நாள் கத்தல் குறையாமல் கூடவும் செய்யலாம். பழைய சாவி திறக்காதபோது வேகமாகத் திருகிப் பார்ப்பது போல. பலர் சரியாக இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அப்போது பிள்ளை கற்றுக்கொள்வது, அஞ்சு நிமிஷம் பத்தாது, இருபது நிமிஷம் கத்த வேண்டும் என்பதை. அம்மா மறுத்து பாட்டி எப்போதாவது கொடுத்தாலும் அதே கதை. எப்போதாவது கிடைக்கிற கூலிதான் ஒரு பழக்கத்தை லேசில் சாகவிடாது. கூடவே, கத்தாமல் வாயால் கேட்கும்போது அந்த நொடியே கவனியுங்கள். தருகிற நேரத்தில் தாருங்கள், முடியாதபோது எப்போது என்று சொல்லி அந்த நேரத்தில் தாருங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். பசி, வலி, தூக்கக் கலக்க அழுகைக்கு இந்தக் கணக்கு கிடையாது, அதைக் குழப்பிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

"அடிச்சா உடனே நிக்குதே?" நிற்கும். யார் இல்லை என்றது? அதுதான் சிக்கலே. சத்தம் உடனே நிற்பதால் அடித்தவர் கை வலுவூட்டப்படுகிறது. அங்கே எதிர்மறை வலுவூட்டல் நிஜமாகவே நடந்தது அடித்தவருக்குத்தான்! நீங்கள் துணைக்கு அழைத்த ஸ்கின்னரே 1938இல் எழுதியிருக்கிறார். லீவரை அழுத்தி உணவு வாங்கப் பழகிய எலி அழுத்தியதும் அதன் பாதத்தில் லீவரே அறைந்தது, உணவும் நிறுத்தப்பட்டிருந்தது. அழுத்துவது கொஞ்ச நேரம் படுத்துவிட்டது. அறைவது நின்றபின், உணவு மட்டும் நிறுத்தப்பட்டு அடிபடாத எலி மொத்தம் எத்தனை தடவை அழுத்தியதோ அந்த எண்ணிக்கையை இதுவும் எட்டிப்பிடித்தது.

"நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்." சரி. சந்தோஷம்.

"எலி வேற, மனுஷன் வேற." ஒப்புக்கொள்கிறேன், மனிதப் பிள்ளை எலியைவிடச் சுலபமாக ஒரு காரியம் செய்யும்: பார்த்தே கற்றுக்கொள்ளும். 1965இல் பந்துரா என்ற உளவியலாளர் 66 குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார். பெரியவர் ஒருவர் பொம்மையைப் போட்டு அடிக்கிறார். ஒரு குழுவுக்கு அவர் பாராட்டு வாங்குவதாக முடிவு, இன்னொரு குழுவுக்குத் திட்டும் உதையும் வாங்குவதாக, மூன்றாவதற்கு ஒன்றுமே நடக்காததாக. உதை வாங்கியதைப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் அதைச் செய்தார்கள். பிறகு, செய்து காட்டினால் பரிசு என்றதும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. எல்லாருமே கற்றிருந்தார்கள், வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான். அண்ணனை அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கையை யாராவது கணக்கில் எடுத்தீர்களா?

"நீ முதல்ல பிள்ளை வளர்த்துப் பாரு" என்று எழுதியவருக்குப் பதில் கிடையாது. அந்த வரியை எழுதுமுன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

சொல்லப்போனால் எனக்கு வார்த்தைப் பிழைமீது இவ்வளவு கோபம் இல்லை. காணொளியின் கடைசிப் பகுதியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அவர் விளையாட்டாகக் கையை ஓங்குகிறார். யாரையும் அடிக்கவில்லை, சும்மா நடித்துக் காட்டுகிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன், அவருக்கு யாரோ எவரோ, கண்ணை இறுக மூடி முழங்கையை முகத்துக்கு நேரே தூக்குகிறான். வாட்சன் என்ற உளவியலாளர் 1920இல் ஒரு குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார். அப்படி ஏழு தடவை பயந்த அந்தக் குழந்தை, பிறகு முயலைப் பார்த்தும் அழுதது, ரோமக் கோட்டைப் பார்த்தும் அழுதது. எந்தக் கை முதலில் ஓங்கியதோ, இந்தப் பையனுக்கு இப்போது எல்லாக் கையும் அந்தக் கைதான்.

அரங்கம் சிரித்தது. அவர் அதற்காகவே இன்னொரு தடவை ஓங்கினார்.