டைகூன் கேம்ல கடன் சொல்ற கஸ்டமர் ஏன் இல்ல?

பிசினஸ் கேம்ல, அதாவது கம்ப்யூட்டர்ல ஒரு தொழில நாமளே நடத்திப் பாக்கற டைகூன் கேம்ல, எது பெஸ்ட்னு கேட்டா நம்ம ஆளுங்க கண்ண மூடிட்டு ரோலர்கோஸ்டர் டைகூன்னு சொல்லிடுறாங்க. தீம் பார்க் கட்டி நடத்தற கேம், நல்ல கேம்தான், இல்லன்னு சொல்லல. 1999ல வந்தது, கிறிஸ் சாயர்னு ஒருத்தர் பெரும்பாலும் மெஷின் பாஷைக்கு ரொம்ப நெருக்கமான அசெம்ப்ளி லாங்குவேஜ்லயே கோடு எழுதியிருக்காரு, அதனாலதான் அந்தக் காலத்து டப்பா கம்ப்யூட்டர்லயும் பார்க் முழுக்க ஜனம் நடந்தாலும் திணறாம ஓடுச்சு. ஆனா பிசினஸ்னு பாத்தா நான் பாதி மார்க்குதான் போடுவேன்.

அதுல உருப்படியா இருக்கறது விலை வைக்கற விளையாட்டு மட்டும்தான். வெயில்ல யாரும் சீண்டாத குடைய மழை பிடிச்சதும் தாறுமாறா ஏத்தி வச்சாலும் அள்ளிட்டுப் போவாங்க, டாய்லெட்டுக்குக் கூட காசு வாங்கலாம், ஒவ்வொருத்தன் மனசுல என்ன நினைக்கறான்னு கிளிக் பண்ணிப் படிக்கலாம் (எந்த முதலாளிக்கு இந்த வசதி கிடைக்கும் சொல்லுங்க). ஆனா அந்தக் குடைய யார் சப்ளை பண்றா? யாரும் இல்ல. ஸ்டால் கட்டினா போதும், சரக்கு தானா வந்துரும், விக்கும்போது அடக்க விலைய கழிச்சுக்கும். தீர்ந்துபோச்சு, அழுகிப்போச்சு, தேங்கிப்போச்சுங்கற பேச்சே கிடையாது. அதே மாதிரி பார்க் கட்டற கேம், 2016ல வந்த பிளானட் கோஸ்டர் இன்னும் மோசம், பாக்க அவ்ளோ அழகு, ஆனா கணக்கப் பத்தி யோசிக்கவே வேணாம், அலங்காரம் பண்ணிட்டே உக்காந்துரலாம்.

என்னப் பொறுத்தவரைக்கும் பிசினஸ் கேம்னா அது கேப்பிடலிசம் 2தான். ஹாங்காங்ல இருக்கற என்லைட் கம்பெனி, ட்ரெவர் சான் டிசைன், 2001. மூஞ்சி என்னவோ ஆடிட்டர் ஆபீஸ் எக்செல் ஷீட் மாதிரிதான் இருக்கும், அதனாலயே பாதிப் பேரு அஞ்சு நிமிஷத்துல மூடிடுவாங்க. கடைய திறந்தா உள்ள ஒன்பது கட்டம், ஒண்ணுல பர்ச்சேஸ் வைக்கணும், ஒண்ணுல சேல்ஸ் வைக்கணும், ரெண்டுக்கும் நடுவுல லிங்க் இழுக்கணும், அத விட்டா சரக்கு வந்து சும்மா கிடக்கும், விக்காது. லெதர் பேக் சொந்தமா பண்ணி விக்கணும்னா மாட்டுப் பண்ணைலேர்ந்து தோல் வரணும், ஃபேக்டரில பேக் ஆகணும், அங்கேர்ந்து கடைக்கு வரணும், வண்டிக்கூலி தனி. ஒவ்வொரு பொருளுக்கும் விலை, தரம், பிராண்டு மூணுல ஜனங்க எதப் பாக்கறாங்கங்கறதே மாறும். தரத்த ஏத்த ஆர் அண்ட் டிக்கு, அதாவது ஆராய்ச்சிக்கு, காசு கொட்டணும், அது முடியறதுக்குள்ள போட்டிக்காரன் விலைய இறக்கிடுவான். காசு பத்தலன்னா ஷேர் வித்துப் புரட்டலாம், அப்புறம் அதே ஷேர எவனாவது சேத்துட்டு வந்து உக்காருவான்.

சரக்குப் போக்குவரத்து கம்பெனி நடத்தற டிரான்ஸ்போர்ட் டைகூனும் எனக்குப் பிடிக்கும், 1994, ரோலர்கோஸ்டர் பண்ண அதே சாயர்தான். சரக்கு எவ்ளோ தூரம் போகுது, எவ்ளோ சீக்கிரம் போகுதுன்னு பாத்துதான் காசு, அதனால பக்கத்துல இருக்கற நிலக்கரி சுரங்கத்த விட்டுட்டு தூரத்துல இருக்கறத பிடிக்கறதுதான் வித்த. மரத்த வெட்டினா ஊர்க்காரங்க கோவிச்சுப்பாங்க, ஸ்டேஷன் கட்ட விட மாட்டாங்க, லோக்கல் அதாரிட்டிக்கு லஞ்சம் குடுக்கவே ஒரு ஆப்ஷன் வச்சிருக்காங்க, மாட்டிக்கவும் சான்ஸ் உண்டு. வெள்ளக்காரன் பண்ண கேம்தானானு டவுட் வந்துரும்.

தீம் ஹாஸ்பிட்டல் (1997) பிசினஸ விட நக்கல்தான் ஜாஸ்தி. தல வீங்கின பேஷண்ட்டு தலைய ஊசியால குத்தி வெடிக்க வச்சு திரும்ப காத்தடிக்கறது, ஒரே பேஷண்ட்ட டாக்டர் ரூமுக்கும் டெஸ்ட் ரூமுக்கும் மாத்தி மாத்தி அலைய விட்டு பில்லு ஏத்தறது. இத சிரிச்சுட்டே விளையாடணும், அவ்ளோதான். அத பண்ணவங்கள்ல சிலர் சேந்து 2018ல டூ பாயிண்ட் ஹாஸ்பிட்டல் போட்டாங்க, அதுவும் அதே ரகம்.

இவ்ளோ பேசினாலும் இதுல எந்த கேம்லயும் இல்லாதது ஒண்ணு இருக்கு, கஸ்டமர் சொல்ற கடன். பேங்க் லோன் இருக்கு, ஒரு பட்டன் அமுக்கினா பணம் வந்துரும், ஜாமீன் கூட கேக்க மாட்டான். ஆனா கஸ்டமர் எல்லாம் கையில காசோடதான் வர்றான். எங்க சித்தப்பா ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு, கல்லாவ விட அங்க கடன் நோட்டுதான் கனமா இருக்கும். மேஸ்திரி பெயிண்ட் எடுத்துட்டு பில்டிங் ஓனர் குடுத்ததும் தர்றேன்னு போவான், ஓனர் தர மாட்டாரு, அதுக்குள்ள பெயிண்ட் கம்பெனி ஏஜென்ட் வந்து நிப்பான். நோட்டுப்படி லாபம், கையில பைசா இல்ல. கடை மூடறது நஷ்டத்தால இல்ல, பெரும்பாலும் இதாலதான். இத வச்சு ஒரு கேம் வந்தா கேப்பிடலிசம் 2வ நானே ஓரமா வச்சிருவேன்.

ரோலர்கோஸ்டர் ரசிகருங்க கமெண்ட்ல தாராளமா சண்டைக்கு வரலாம். ஆனா வர்றதுக்கு முன்னாடி கேப்பிடலிசம் 2ல ஒரு லெதர் பேக் கடையாவது லாபத்துல ஓட்டிட்டு, ஸ்கிரீன்ஷாட்டோட வாங்க.