சிவப்புத் தபால் பெட்டிகளை மாற்றப்போவதில்லை

மன்னர் மாறிவிட்டதால், எலிசபெத் ராணியின் பெயர்ச் சுருக்க எழுத்துகள் உள்ள பிரிட்டன் தபால் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, சார்லஸ் மன்னர் பெயரில் புதியவை வைக்கிறார்கள் என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல.

பெட்டியில் உள்ள எழுத்துகள், அது வார்க்கப்பட்டபோது ஆட்சியில் இருந்தவரைக் குறிப்பவை. ஆட்சி மாறினாலும் பழைய பெட்டி அதே இடத்தில்தான் இருக்கும். ராணி இறந்த 2022-லேயே பிரிட்டனின் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சார்லஸின் எழுத்துகளோடு முதல் பெட்டி 2024-இல் கேம்பிரிட்ஜ்ஷரில் வந்தது. புதிதாக வைப்பவைக்கு மட்டும்தான் அந்த எழுத்துகள்.

சந்தேகம் இருந்தால் பெட்டியையே பாருங்கள். நேரில் போக முடியாவிட்டால் இணைய வரைபடத்தின் தெருக்காட்சி போதும். தபால் எடுக்கும் கதவில் எழுத்துகள் புடைப்பாகத் தெரியும்: 'வி ஆர்' என்றால் விக்டோரியா, எண் இல்லாத 'ஜி ஆர்' என்றால் ஐந்தாம் ஜார்ஜ். 1901-இல் விக்டோரியா இறந்த பிறகு ஆறு பேர் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். அவர் காலப் பெட்டிகளில் இன்றும் கடிதம் போடுகிறார்கள். கறுப்பு அடிப்பாகத்தில் வார்ப்பாலையின் பெயரும் பல பெட்டிகளில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற பிறகும் பெட்டிகளைப் பெயர்க்கவில்லை, பச்சை அடித்ததோடு சரி. விக்டோரியாவின் எழுத்துகள் அந்தப் பச்சைக்கு அடியில் அப்படியே இருக்கின்றன.