நாய் தேறியது இறைச்சியால், பச்சையால் அல்ல

நாய்க்குப் பச்சை இறைச்சிதான் போட வேண்டும், அவித்துப் போட்டால் சத்தெல்லாம் போய்விடும் என்ற பேச்சு இப்போது யாழ்ப்பாணத்திலும் நன்றாகப் பரவிவிட்டது. அல்சேசன், ரொட்வைலர், லப்ரடோர் என்று ஆசைப்பட்டு வாங்கி வளர்க்கிற தம்பிமார்தான் கூடுதலாகச் சொல்கிறார்கள். கேட்டால் கனடாவில் இருக்கிற மச்சான் சொன்னவர், லண்டனில் அக்கா வீட்டு நாய் இதைத்தான் சாப்பிடுகிறது, யூரியூப்பில் பார்த்தேன் என்று காரணம் வரும். நாய்மேல் உள்ள அக்கறையில்தான் செய்கிறார்கள், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனாலும் எங்கள் ஊரில் இது வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நாய் வளர்க்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பச்சை இறைச்சிக்கு மாற்றிய பிறகு நாய் நன்றாகத் தேறிவிட்டது என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை. மயிர் மினுங்குகிறது, சொறிவது குறைந்துவிட்டது, மலம் கெட்டியாகவும் கொஞ்சமாகவும் போகிறது, இதையெல்லாம் நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த நாய் அதற்கு முன்பு என்ன சாப்பிட்டது என்று கேட்டுப் பாருங்கள். மத்தியானம் மிஞ்சிய சோறு, அதில் ஊற்றிய சொதி, இரவில் பாண் துண்டு, மீன் வாங்கிய நாளில் தலையும் முள்ளும். பெரும்பாலான வீடுகளில் இதுதானே நாய்ச் சாப்பாடு? புரதம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படி வளர்ந்த நாய்க்குத் திடீரென்று நாள்தோறும் அரைக் கிலோ கோழி கிடைத்தால் அது தேறாமல் என்ன செய்யும்? ஒரே நாளில் இரண்டு விடயங்கள் மாறியிருக்கின்றன, சாப்பாட்டில் இறைச்சி வந்தது, அது பச்சையாக வந்தது. பலன் எல்லாவற்றையும் இரண்டாவதின் கணக்கில் எழுதிவிட்டோம். அதே கோழியை அவித்துப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த வீடுகளும் எனக்குத் தெரியும். அங்கேயும் நாய் அதே மாதிரித்தான் மினுங்குகிறது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்றால், அவுஸ்திரேலியாவில் இயன் பில்லிங்ஹேர்ஸ்ட் என்ற மிருக வைத்தியர் 1993இல் எழுதிய பிறகுதான் உலகமெல்லாம் பரவியது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஓநாய் அடுப்பு மூட்டுவதில்லை, ஆகவே நாய்க்கும் பச்சை எலும்பும் இறைச்சியும்தான் இயற்கை என்பது வாதத்தின் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது பதினையாயிரம் வருடங்கள் ஆகின்றன. அந்தக் காலத்தில் அதன் குடலும் சும்மா இருக்கவில்லை. சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் நாயினதும் ஓநாயினதும் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மாச்சத்தைச் செரிக்க வைக்கிற அமைலேசு நொதியத்துக்கான மரபணு ஓநாயில் 2 பிரதிதான், நாயில் 4 முதல் 30 வரை இருந்தது. அதாவது எங்கள் முன்னோர் தின்ற சோற்றையும் கூழையும் பங்குபோட்டுத் தின்று, அதைச் செரிக்கவும் பழகிய பிராணி அது. தெருவில் திரிகிற எங்கள் ஊர் நாய்களைப் பார்த்தால் இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

சரி, ஓநாய்க் கதையை விடுவோம். எனக்குப் பெரிய பிரச்சினை இறைச்சி வருகிற வழிதான். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் போடுவது ஆலையில் அரைத்து, உறையவைத்து, பெட்டியில் வருகிற சாமான். இங்கே விடிய வெட்டிய ஆடு கொளுக்கியில் தொங்குகிறது, பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும், அதன்பிறகு நாய்க்கு என்று ஒதுக்கி வைத்த வெட்டுத் துண்டுகள் ஒரு சொப்பிங் பையில் கட்டப்பட்டு, மோட்டார் சைக்கிள் கைபிடியில் தொங்கி வீட்டுக்கு வரும்போது பகல் சாப்பாட்டு நேரமாகிவிடும். எங்களுக்கு அது பிரச்சினை இல்லை, ஏனென்றால் நாங்கள் அதைத் தூள் போட்டுக் கொதிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறோம். கொதியில் கிருமி செத்துவிடும். எங்கள் இறைச்சிக்கடையின் வழக்கம் முழுவதும் அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. அந்த இறைச்சியைச் சமைக்காமல் சாப்பிட எவரும் நினைக்கவில்லை, நாயைத் தவிர.

பிரிட்ஜில் வைத்தால் சரிதானே என்பார்கள். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். நெதர்லாந்தில் கடையில் விற்கிற உறைந்த நாய்ச் சாப்பாட்டில் 35 பக்கற்றுகளை எடுத்துச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 19இல் லிஸ்தீரியா, 7இல் சல்மொனெல்லா, இரண்டும் ஆட்களுக்கும் நோய் தருகிற கிருமிகள். அவ்வளவு ஒழுங்கான நாட்டில் நிலைமை அது. எங்கள் பிரிட்ஜோ கரண்ட் இருந்தால்தான் பிரிட்ஜ். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அப்படி இல்லைதான், ஆனாலும் கார்த்திகை மழையில் ஒரு மரம் கம்பியில் விழுந்தால் எத்தனை மணிக்குக் கரண்ட் வரும் என்று யாருக்குத் தெரியும்? உருகி, திரும்ப உறைந்து, திரும்ப உருகிய இறைச்சிதான் பிறகு நாயின் கோப்பைக்குப் போகிறது.

நாயின் வயிற்று அமிலம் பலமானது, அதற்கு ஒன்றும் செய்யாது என்ற பதிலும் தயாராக இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாமல் போகலாம், உண்மைதான், பல நாய்கள் சல்மொனெல்லாவைச் சுமந்துகொண்டே துள்ளித் திரியும். ஆனால் அது மலத்தோடு வெளியே வந்துகொண்டிருக்கும், வாயிலும் இருக்கும். அந்த வாயால்தான் திண்ணையில் தவழுகிற பிள்ளையின் முகத்தை நக்குகிறது. மச்சான் இருக்கிற கனடாவிலேயே 2023 நவம்பரில் அரசாங்கச் சுகாதாரப் பகுதி அறிவித்தது, மருந்துகளுக்கு மசியாத ஒருவகைச் சல்மொனெல்லா 6 மாகாணங்களில் 40 பேருக்குத் தொற்றியிருக்கிறது, 13 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள், நாய்க்குப் போடுகிற பச்சைச் சாப்பாட்டோடும் மாடுகளோடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது என்று. அந்த நாற்பது பேரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஐந்து வயதும் அதற்குக் கீழுமான குழந்தைகள். அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012இலேயே பச்சை இறைச்சி போட வேண்டாம் என்று தன் கொள்கையாக எழுதிவிட்டது.

இனி நான் மிகவும் பயப்படுகிற விடயத்துக்கு வருகிறேன், குடலும் ஈரலும் சுவாசப்பையும். தீபாவளிக்குப் பங்கு இறைச்சி பிரிக்கிற வளவுகளில் நின்று பார்த்திருப்பீர்கள். பனையோலையை விரித்துப் பங்கு வைத்துக்கொண்டிருப்பார்கள், வேலியோரம் அயலட்டை நாய்கள் எல்லாம் வரிசையாகக் குந்தியிருக்கும். வெட்டுகிறவர் ஈரலை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். அதில் வெள்ளையாக, தண்ணீர் நிரம்பிய முட்டை போல ஒரு கட்டி இருந்தால் கத்தியால் அந்தப் பக்கத்தை அறுத்து வேலிப்பக்கம் எறிவார். நாய் ஒன்று பாய்ந்து கவ்விக்கொண்டு ஓடும். யாரும் கவனிப்பதில்லை, நாய்க்கும் தீபாவளிதானே என்ற நினைப்பு.

அந்தக் கட்டி எக்கினோகொக்கசு என்ற நாடாப்புழுவின் குஞ்சுகள் நிறைந்த பையாக இருக்கலாம். நாய் அதைத் தின்றால் ஒன்றரை மாதம் அளவில் அதன் குடலில் புழு வளர்ந்து முட்டை போடத் தொடங்கும். புழு சில மில்லிமீற்றர்தான், மலத்தில் கண்ணுக்குப் பிடிபடாது, நாய் மெலியாது, வாந்தி எடுக்காது, ஒன்றுமே தெரியாது. முட்டைகள் முற்றத்து மண்ணிலும் கீரைப்பாத்தியிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருக்கும். பிள்ளை நாயைத் தடவிவிட்டுக் கையை வாயில் வைத்தால் போதும். பிறகு அந்தப் பிள்ளையின் ஈரலிலோ நுரையீரலிலோ அதே நீர்க்கட்டி வளரும், மெதுவாக, வருடக்கணக்கில். பெரிதாகி வலிக்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும், அநேகமாகச் சத்திரசிகிச்சை வரைக்கும் போகும். அந்தார்ட்டிக்காவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிற நோய் இது. இதைத் தடுக்கச் சொல்லப்படுகிற முதல் வழியே நாய்க்குப் பச்சைக் குடல், ஈரல் போடாதே என்பதுதான். பச்சை இறைச்சி முறையில் உள்ளுறுப்புக் கட்டாயம் என்று சொல்லிக்கொண்டு ஆட்டுக் குடலைப் பை பையாக வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளின் நினைவுதான் வருகிறது.

குட்டி வளர்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். எலும்பு சிக்கிவிடும் என்று பயந்து எலும்பில்லாத பச்சைக் கோழியை மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அயலில் ஒரு அல்சேசன் குட்டி அப்படித்தான் வளர்ந்தது. நாலு மாதத்தில் முன்கால் இரண்டும் வில்லாக வளைந்து, படலையில் இருந்து முற்றத்துக்கு நடந்து வருவதற்குள் இரண்டு தரம் இருந்துவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்ற மாதிரித் தெரிந்தது. இறைச்சியில் பொசுபரசு நிறைய, கல்சியம் மிக மிகக் குறைவு. நாய்க்குக் கல்சியம் பொசுபரசின் அளவாவது, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காததை உடம்பு குட்டியின் எலும்பில் இருந்தே உருவி எடுத்துவிடும். விலை கொடுத்து வாங்கிய குட்டி, நாள்தோறும் கோழி, ஆனாலும் பட்டினியில் கிடந்த எலும்பு.

மீனும் அப்படித்தான். குருநகர், பாசையூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று சூடை, நெத்தலியைப் பச்சையாகவே அள்ளிப் போடுகிறார்கள். இந்த இன மீன்கள் சிலவற்றில் தயமின் என்ற விற்றமினை அழிக்கிற நொதியம் இருக்கிறது, தொடர்ந்து போட்டால் நாய்க்கு நரம்புக் கோளாறு வரும். அவித்தால் அந்த நொதியம் செத்துவிடும். எலும்பைப் பற்றி ஒரு வரி, அவித்த கோழி எலும்பு கூராக உடையும், அதைப் போடவே கூடாது. பச்சை எலும்பு அவ்வளவு கூராக உடையாது என்பது சரி, ஆனால் மாட்டெலும்பைக் கடித்துக் கடைவாய்ப் பல் பிளந்த நாய்களும் உண்டு.

அப்படியென்றால் பழையபடி சோறும் சொதியும்தானா? இல்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் கறியில் வெங்காயமும் உள்ளியும் இல்லாத சட்டி உண்டா? அவை இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. உப்பும் உறைப்பும் வேறு. ஆகவே நாய்க்கு வேறாக ஒரு சட்டி வையுங்கள். கோழிக்கடையில் மலிவாக விற்கிற கழுத்தோ முதுகோ வாங்கினால் நன்றாக அவித்து எலும்பைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் முள்ளெடுத்த மீன். அந்த அவித்த தண்ணீரிலேயே அரிசியையும் பூசணி, கரட்டையும் போட்டுக் குழைய விடுங்கள், தண்ணீரில் இறங்கிய சத்தும் உள்ளேயே இருக்கும். சமைத்தால் சத்துப் போய்விடும் என்பவர்களுக்கு, பி வகை விற்றமின்களில் கொஞ்சம் குறையும், புரதம் எங்கும் ஓடிவிடாது. சோறு சட்டியில் பாதிக்கு மேல் போகாமல் பாருங்கள். ஈரல் கிழமையில் ஒருநாள், கொஞ்சமாக, அரை மணித்தியாலமாவது கொதித்தது. கூடப் போட்டால் விற்றமின் ஏ மிஞ்சிவிடும்.

கல்சியத்துக்கு முட்டைக் கோது போதும். கழுவி, அவித்து, வெயிலில் காயவைத்து, கிறைண்டரில் மாவாக அரைத்துப் போத்தலில் போட்டு வையுங்கள். ஒரு கோதில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. இருபது கிலோ நிறையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒருநாள் சாப்பாட்டில் அரைக் கோதின் தூள் கணக்கு. குட்டிகளுக்கு இந்தக் கணக்கு சரிவராது, அவற்றின் தேவை வேறு, பெரிய சாதிக் குட்டிக்குக் கூடினாலும் கெடுதல், அதை மிருக வைத்தியரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் என்ன செய்வது என்று கேட்பீர்கள், பல வீடுகளில் அந்த நாட்களில் மச்சம் அடுப்பிலேயே ஏறாது. அந்த வீடுகளில் சிலர் இதையே சாட்டாக வைத்துப் பச்சை இறைச்சியைக் கடையில் வாங்கி நேரே கொட்டிலில் போட்டுவிடுகிறார்கள், குசினிக்குள் வரவில்லைத்தானே என்று. அதைவிட வளவின் மூலையில் மூன்று கல் வைத்து, நாய்க்கென்று ஒரு பழைய சட்டியில் அவியுங்கள். அதுவும் முடியாது என்றால் பக்கற்றில் வருகிற உலர்ந்த நாய்ச் சாப்பாட்டை அந்த நாட்களுக்கு மட்டும் வாங்கிக் கொடுங்கள், நாலைந்து நாள் முன்பே பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினால் வயிற்றால் போகாது.

இவ்வளவு சொல்லியும் பச்சையாகத்தான் போடுவேன் என்கிறவர்கள் உள்ளுறுப்பையாவது அவித்துப் போடுங்கள். பூச்சிக் குளிசை வாங்கும்போது பிராசிகுவான்ரெல் என்ற மருந்து சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள், எல்லாக் குளிசையிலும் அது இல்லை, அது இல்லாவிட்டால் இந்த நாடாப்புழு சாகாது. நாயின் கோப்பையை உங்கள் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவ வேண்டாம். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவரோ இருந்தால் தயவுசெய்து பச்சையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வருகிற தீபாவளிக்கு உங்கள் வளவில் பங்கு பிரித்தால் கட்டி உள்ள ஈரலை வேலிக்கு எறிய விடாமல், நாய் கிளற முடியாத ஆழத்தில் கிடங்கு வெட்டித் தாழுங்கள், அல்லது எரித்துவிடுங்கள்.