ஹாம்லெட் தயங்கியதை விட, தயங்கிய காரணம்தான் பயங்கரம்

ஷேக்ஸ்பியரின் நாடக நாயகன், டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டை "முடிவெடுக்கத் தெரியாதவன்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். நாடகத்தைக் காட்சி காட்சியாகப் படித்தால் இந்தப் பேச்சு நிற்காது.

தன் காதில் நஞ்சு ஊற்றிக் கொன்றது தம்பி குளோடியஸ்தான், பழிவாங்கு என்று இறந்த அரசனான அப்பாவின் ஆவி ஹாம்லெட்டிடம் சொல்கிறது. அந்தக் குளோடியஸ்தான் இப்போது அரசன், ஹாம்லெட்டின் அம்மா கெர்ட்ரூட்டின் கணவனும் அவனே. ஹாம்லெட்டின் கையில் இருப்பது அந்த ஆவியின் வாக்குமூலம் மட்டும். காதில் நஞ்சு ஊற்றியதை வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த ஆவியோ பகலெல்லாம் நெருப்பில் வெந்து பாவம் கழிப்பதாகச் சொல்கிறது. கத்தோலிக்கர் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம் அது. இங்கிலாந்துத் திருச்சபை தன் 39 கொள்கைகளில் 22ஆவதில் அதை மறுத்துவிட்டிருந்தது. ஹாம்லெட் படித்ததும் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த சீர்திருத்தவாதி லூதரின் ஊரான விட்டன்பர்க்கில். வந்தது அப்பாவா, அப்பா உருவில் பிசாசா என்று அவன் சந்தேகப்படுவதில் என்ன தப்பு?

அதைச் சோதிக்கத்தான் நாடகத்துக்குள் நாடகம்: அதே மாதிரியான கொலையைக் குளோடியஸ் முன்னால் நடிக்க வைத்து அவன் முகத்தைப் பார்ப்பது. ஆனால் அங்கே காதில் நஞ்சு ஊற்றும் லூசியானஸ் யார் என்று பாருங்கள். அரசனின் தம்பி இல்லை, உடன்பிறந்தவனின் மகன். ஹாம்லெட்டே அதை வாய்விட்டு அறிவிக்கிறான். குளோடியஸ் பதறி எழும்போது ஹாம்லெட்டுக்கும் அவன் நண்பன் ஹொரேஷியோவுக்கும் தெரிவது குற்றவாளியின் முகம். கொலை விஷயமே தெரியாத சபைக்கோ, சித்தப்பாவை எல்லார் முன்னாலும் மிரட்டும் இளவரசன்தான் தெரிவான். ஆதாரம் கிடைத்த அதே நொடியில் அது மற்றவர்களிடம் செல்லுபடியாகாத ஆதாரமாகிவிடுகிறது.

ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் தாமஸ் கிட்டின் 'ஸ்பானியத் துயரம்' நாடகத்தில் ஹியரோனிமோவும் இப்படித்தான். மகனைக் கொன்றவர்களின் பெயரோடு ரத்தத்தில் எழுதிய கடிதமே கைக்கு வருகிறது. அதையும் நம்பாமல், இரண்டாவது கடிதம் உறுதி செய்யும்வரை காத்திருக்கிறான். பழிவாங்கும் நாடகங்களில் தாமதம் என்பது கட்டமைப்பிலேயே இருக்கிறது.

என்னைப் பதற வைப்பது பிரார்த்தனைக் காட்சி. குளோடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான். ஹாம்லெட்டின் கையில் வாள். இப்போது கொன்றால் இவன் ஆன்மா சொர்க்கம் போய்விடும், குடித்தோ சூதாடியோ கிடக்கும்போது கொன்றால்தான் நரகம் என்று கணக்குப் போட்டு வாளை உறையில் போடுகிறான். இதில் இரக்கம் துளியும் இல்லை. உயிர் போதாது, ஆன்மாவும் வேண்டும் என்கிற வெறி. அவன் போன பிறகு குளோடியஸ் பேசும் கடைசி இரண்டு வரிகளில், பிரார்த்தனை மேலே போகவேயில்லை என்று தெரிகிறது. அப்போதே வெட்டியிருந்தால் ஹாம்லெட் நினைத்த நரகமே கிடைத்திருக்கும்! மேடையேற்றுகிறவர்கள் எதைக் குறைத்தாலும் அந்த இரண்டு வரிகளில் கை வைக்காதீர்கள்.

அடுத்த காட்சியிலேயே அம்மாவின் அறையில் திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் யாரென்று பார்க்காமல் குத்துகிறான். செத்தது அரசனின் ஆலோசகர் பொலோனியஸ். இவனையா செயலற்றவன் என்பது? பொலோனியஸின் மகன் லேயர்டீஸ் தேவாலயத்துக்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான், எந்தக் கணக்கும் போடாமல். அந்த அவசரம்தான் அவனைக் குளோடியஸின் கைக்கருவியாக்குகிறது.

ஹாம்லெட்டும் லேயர்டீஸும் மோதும் கடைசி வாள்விளையாட்டில் குளோடியஸும் லேயர்டீஸும் செய்த சூழ்ச்சி இரண்டு அடுக்கு: நஞ்சு தடவிய, முனை மழுக்காத வாள்; அது தவறினால் நஞ்சுக் கிண்ணம். கிண்ணத்தைக் கெர்ட்ரூட் குடித்துவிடுகிறாள். கைகலப்பில் வாள்கள் மாறி இருவருமே நஞ்சேறிக் காயப்படுகிறார்கள். லேயர்டீஸ் எல்லார் முன்னும் உண்மையைச் சொன்ன பிறகுதான் ஹாம்லெட் அரசனைக் குத்துகிறான், மிச்ச நஞ்சையும் வாயில் ஊற்றுகிறான். அம்மாவின் பின்னால் போ என்கிறான். அப்பாவைப் பற்றி அந்த நொடியில் ஒரு வார்த்தை இல்லை. ஆவியும் மூன்றாம் அங்கத்துக்குப் பிறகு மேடைக்கு வருவதே இல்லை.