கடைசி வரை இழுத்துப் பிடிக்காதீர்கள்

தடையைக் கண்டதும் வேகமெடுத்துப் பாயும் குதிரைக்கு, "கடுமையான பிட் (வாயில் மாட்டும் கடிவாள இரும்பு) மாட்டி, தடை வரும்வரை இழுத்துப் பிடித்தால் குதிரை அடங்கும்" என்று சிலர் சொல்வது ஆபத்தானது. இழுக்க இழுக்கத் தலை தூக்கும், முதுகு குழியும், தடையைச் சரியாகப் பார்க்க முடியாது. கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடுவது) மரத்தடை பெரும்பாலும் கழன்று விழாது. முன்னங்கால் இடித்தால் குதிரையே குப்புறக் கவிழலாம்.

வேகத்தைக் குறைப்பதெல்லாம் தடைக்கு எட்டுப் பத்து ஸ்ட்ரைடுக்கு (குதிரையின் பாய்ச்சலடி) முன்பே முடிய வேண்டும்: நிமிர்ந்து உட்கார்ந்து, கடிவாளத்தைப் பிடித்து, உடனே விடுங்கள். கடைசி மூன்று நான்கு ஸ்ட்ரைடில் கை இளகியிருக்கட்டும், கால் மட்டும் அணைத்திருக்கட்டும். பயிற்சிக்கு 50-60 சென்டிமீட்டர் கட்டை போதும். 2.5 மீட்டர் முன்னால் தரையில் ஒரு கம்பு போட்டு ட்ராட்டில் (மிதமான துள்ளுநடையில்) வாருங்கள். பதறினால் தூரத்திலேயே 20 மீட்டர் வட்டம். தடைக்கு மிக அருகில் திருப்பினால் ஒதுங்கி ஓடத்தான் பழகும். தாண்டியதும் நேர்க்கோட்டிலேயே ட்ராட்டுக்கு இறக்குங்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அதற்கெல்லாம் முன், குதிரையின் முதுகுவலி, பல், சேணம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.