எட்டாக மடித்த கணக்குத் தாள்

சிங்கப்பூரில் மகளுக்கு அப்போது தொடக்கநிலை 4, அதாவது நான்காம் வகுப்பு. பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தேன். தண்ணீர்ப் புட்டி வைக்கும் பக்கப் பைக்குள் எட்டாக மடித்த கணக்குத் தாள் ஒன்று கிடந்தது. 100க்கு 71. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "பாட்டிகிட்ட ஃபோன்ல சொல்வீங்களே, கணக்கெல்லாம் இவளுக்குத் தண்ணிபட்ட பாடுன்னு. அதான்மா" என்றாள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், படிப்பில் மிகவும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான மீத்திறன் திட்டத்துக்குத் தேர்வாகியிருந்தாள். வீடு முழுக்க அதே பேச்சு. சொந்தக்காரர்கள் வந்தால் அவளை நடுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்போம். தம்பி அறைக்குள் போய்விடுவான். ஒருநாள் சாப்பிடும்போது, "அக்காதான் புத்திசாலி, நான் என்னம்மா?" என்று கேட்டான். சோறு தொண்டையில் இறங்கவில்லை.

1984இல் தொடங்கிய திட்டம் அது. தொடக்கநிலை 3இல் இரண்டு சுற்றுத் தேர்வு வைத்து, சுமார் 1 விழுக்காட்டுப் பிள்ளைகளை எடுத்து ஒன்பது பள்ளிகளில் சேர்த்தார்கள். இப்போதைய வடிவில் அது தொடராது என்று 2024 தேசிய தினப் பேரணி உரையில் சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். இனி எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் அந்தப் பொறுப்பு. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் அடுத்த நிமிடமே, புதிய தேர்வுக்கு எந்த டியூஷன் நல்லது என்ற பேச்சு வந்துவிட்டது. பள்ளி மாறும், சரி. நாம்?

அமெரிக்காவில் முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்து 1998இல் வெளியிட்டார்கள். சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். முதல் கூட்டம் சீக்கிரம் துவண்டது. மதிப்பெண்ணை முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். இதைப் படித்ததும் அந்தத் தாள்தான் கண்முன் வந்தது. என் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியது என் பாராட்டுதான்.

கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தோற்றுப்போக ஓர் இடம் வேண்டும். அது வீடு இல்லையென்றால் வேறு எங்கே போகும்? எங்கள் வீட்டில் இப்போது சாப்பாட்டு மேசையில் மதிப்பெண் பேச்சு கிடையாது. வந்தவர்கள் முன்னால் கேள்வி கேட்பதும் இல்லை. தம்பிக்கு மீன் தொட்டி என்றால் உயிர். தண்ணீர் மாற்றும்போது அக்கா அவன் சொன்னபடி வாளி பிடிக்கிறாள்.

தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மாவுக்குப் புரியவைக்கத்தான் நாளானது. இப்போதெல்லாம் அழைத்தால், காரிடாரில் வைத்த கறிவேப்பிலை துளிர்த்ததா என்றுதான் பேத்தியிடம் முதலில் கேட்கிறார்.