ஜி லீக்குக்குச் சொந்தமாக ஒரு ராத்திரி வேண்டும்

அமெரிக்கக் கூடைப்பந்தின் பெரிய லீக் என்பிஏ. எகிறிக் குதித்துப் பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் அடிக்கும் அதன் டங்க் போட்டியை மேக் மெக்லங் தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தார். 2023இல் சால்ட் லேக் சிட்டி, 2024இல் இண்டியானாபொலிஸ், 2025இல் சான் பிரான்சிஸ்கோ. அவருக்கு முன்னால் யாரும் மூன்று முறை தொடர்ந்து ஜெயித்ததில்லை. இத்தனைக்கும் அவர் என்பிஏவில் ஆடிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிழைப்பெல்லாம் அதற்குக் கீழே இருக்கும் ஜி லீக்கில்தான். "சின்ன லீக்குக்கு இது எவ்வளவு பெரிய பெருமை!" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு ஆதங்கம்தான் வருகிறது.

2023இல் அவர் போட்ட முதல் டங்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தோளில் இன்னொருவர் உட்கார்ந்து பந்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். 6 அடி 2 அங்குலம்தான் இருக்கும் மெக்லங் அந்த இருவரையும் தாண்டிப் பந்தை வாங்குகிறார். அந்தரத்திலேயே அதைப் பலகையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வளையத்துக்கு முதுகைக் காட்டியபடி உள்ளே அடிக்கிறார். முழு 50 புள்ளி. இந்த ஆள் ஜி லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது எத்தனை பேர் பார்த்தோம்?

என்பிஏவுக்கு இருப்பது போலவே இந்த லீக்குக்கும், அதன் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆட வைக்கும் ஒரு ஆல் ஸ்டார் ஆட்டம் இருந்தது. டி லீக் என்று பெயர் இருந்த காலத்தில், 2007இல் லாஸ் வேகஸில் தொடங்கினார்கள். அப்புறம் டங்க் போட்டியும், தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் போட்டியும் சேர்ந்தன. ஆனால் எல்லாமே என்பிஏ தன் ஆல் ஸ்டார் ஆட்டத்தை நடத்தும் வார இறுதியின் ஓரத்தில், பெரும்பாலும் ரசிகர் கண்காட்சி நடக்கும் மாநாட்டு மையத்தில்தான். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் திண்ணையில் இலை போட்ட மாதிரி. 2018இல் அதையும் மாற்றி, மெக்சிகோ அணியோடு ஓர் ஆட்டம் வைத்தார்கள். 2023இல் 'நெக்ஸ்ட் அப்' என்று வேறு பெயரில் வந்தது.

அங்கே ஆடுகிறவர்களுக்கு அது திருவிழா இல்லை, வேலைக்கான நேர்காணல். 2022-23 சீசனில் சாதாரண ஜி லீக் ஒப்பந்தம் 40,500 டாலர். அதே வருடம் என்பிஏவில் புதிதாக நுழைகிறவரின் குறைந்தபட்சச் சம்பளமே பத்து லட்சம் டாலருக்கு மேல். நடுவில் இருப்பது என்பிஏ அணியிடமிருந்து வரும் ஒரே ஒரு போன் அழைப்பு. அந்த அழைப்பு வந்தவர்கள் மேலே போய்விடுவதால் ஆல் ஸ்டார் பட்டியலே மாறிக்கொண்டிருக்கும். தேர்வானவர் ஆட வரவில்லை என்றால் சந்தோஷப்படக்கூடிய ஆல் ஸ்டார் ஆட்டம் இது ஒன்றுதான்.

திறன் போட்டிகளிலும் எனக்கு ஒரு குறை உண்டு. டங்க் கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய கூடைப்பந்தில் ஓர் ஆட்டக்காரருக்கு வேலை வாங்கித் தருவது தூரத்திலிருந்து போடும் ஷாட். மூன்று புள்ளிப் போட்டியில் ஐந்து இடங்களில் பந்துகளை அடுக்கி வைத்து, கடிகாரம் ஓட ஓட எடுத்து எறிய வேண்டும். கை நடுங்குகிறதா, கால் சோர்கிறதா என்று பயிற்சியாளர்கள் அதிலேயே பார்த்துவிடலாம். பிளேக் அஹெர்ன் ஞாபகம் இருக்கிறதா? கல்லூரியில், யாரும் தடுக்காமல் கோட்டிலிருந்து எறியும் ஃப்ரீ த்ரோக்களில் 94 சதவீதத்துக்கு மேல் உள்ளே போட்டவர், டி லீக்கில் வருடக்கணக்கில் புள்ளிகளைக் குவித்தவர். மயாமி, சான் அன்டோனியோ, யூட்டா என்று மூன்று என்பிஏ அணிகள் கூப்பிட்டன. எங்கேயும் நிலைக்க விடவில்லை. அப்படிப்பட்ட கைக்கு ஒரு முழு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும்.

என்பிஏ வார இறுதியின் வாலைப் பிடித்துக்கொண்டு போவதை விட்டுவிட்டு, ஜி லீக் தன் சொந்த ஊர்களில் ஒன்றில் இதை நடத்தட்டும். சவுத் டகோட்டாவில் இருக்கும் சூ ஃபால்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்தில் என்பிஏ அணியே கிடையாது. ஸ்கைஃபோர்ஸ் அணி 1989இலிருந்து அங்கே ஆடுகிறது, முதலில் சிபிஏ என்ற வேறொரு லீக்கில், 2006இலிருந்து இந்த லீக்கில். பிப்ரவரிக் குளிரிலும் டிக்கெட் வாங்கி வருகிற ஊர்க்காரர்கள் அவர்கள். ஆட்டத்தை அங்கே வையுங்கள். டங்க் போட்டியை முதலில் முடித்துவிட்டு, மூன்று புள்ளிப் போட்டியைக் கடைசியில் வையுங்கள்.